சொட்டுநீர்க் குழாயும் கைக்கருவிகளும்: கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் வீட்டுத் தோட்டங்களுக்குச் சொட்டுநீர் அமைத்துக் கொடுப்பது என் தொழில். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பண்ணைக் கணக்குகளை விட்டுவிடுங்கள். கையால் செய்யும் வேலையைக் கேளுங்கள்.

லாஸ்பேட்டை: புதிதாகத் தொடங்குகிறேன். எந்தக் கருவிகளை வாங்க வேண்டும்?

முதலில் டிரிப்பரின் (குழாயில் செருகும் சொட்டுவான்) அளவுக்குப் பொருந்தும் பஞ்ச் ஒன்று, அதாவது குழாயில் துளையிடும் கைக்கருவி. அடுத்து, குழாயை நேராக நறுக்கும் கட்டர். ரம்பத்தால் அறுத்தால் பிசிறு உள்ளே விழும். அந்தத் துகளே பிறகு டிரிப்பரை அடைக்கும். வாயகன்ற ஃபிளாஸ்க்கில் வெந்நீரும் வைத்துக்கொள்ளுங்கள். 16 மி.மீ. கருப்புக் குழாயின் முனையைப் பத்து நொடி அதில் தோய்த்தால் ஜாயினர் (இரு துண்டுகளை இணைக்கும் இணைப்பான்) எளிதாக ஏறும். தீக்குச்சி, லைட்டர் வேண்டாம். எண்ணெய் தடவுவதும் வேண்டாம், ரப்பர் வாஷர் எண்ணெயில் ஊறி உப்பிவிடும். வழவழப்பு வேண்டுமானால் சோப்புத் தண்ணீர் போதும். கடைசியாகச் சில அடைப்பான்கள், தவறாக விழுந்த துளைகளுக்கு. இவற்றைவிட முக்கியமானது ஒன்று: வேலை முடிந்ததும் முனை மூடியைக் கழற்றிவிட்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை ஓடவிடுங்கள்.

வில்லியனூர்: டிரிப்பர் செருகிய இடத்திலெல்லாம் கசிகிறது. மலிவான குழாய் வாங்கியதுதான் தவறா?

குழாயைக் குறை சொல்வதற்கு முன் துளையைப் பாருங்கள் அம்மா. டிரிப்பரில் குழாய்க்குள் செருகும் முள்முனையைவிடத் துளை சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் குழாயின் சுவர் விரிந்து, முள் உள்ளே போனதும் சுருங்கி, அதன் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். நீர் கசியாமல் காப்பது அந்தப் பிடிதான்.

பஞ்சைக் குழாய்க்குச் செங்குத்தாகப் பிடியுங்கள். சாய்த்தால் துளை நீள்வட்டமாகும். லேசாகத் திருகிக்கொண்டே அழுத்தினால் "டக்" என்று விட்டுக்கொடுக்கும். அந்த இடத்தில் கையை நிறுத்துங்கள். அதற்கு மேல் அழுத்தினால் எதிர்ச்சுவரும் துளைபடும். மதிய வெயிலில் குழைந்து கிடக்கும் குழாயில் இது அடிக்கடி நடக்கிறது. ஆகவே துளை போடுவதைக் காலை வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடலூர் முதுநகர்: எங்கள் பிளம்பர் ஆணியைச் சூடாக்கித் துளை போடுகிறார். வேகமாக முடிகிறதே?

வேகமாகத்தான் முடியும். ஆனால் சூட்டில் உருகிய பிளாஸ்டிக் துளையைச் சுற்றிக் கரடுமுரடான கரையாக இறுகிவிடும். அந்த இடம் விரிந்து சுருங்கும் தன்மையை இழந்துவிடும். நான் மேலே சொன்ன பிடியே அங்கு இருக்காது. வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பண்ருட்டி: ஒப்புக்கொள்ள மாட்டேன் ஐயா. என் கொல்லையில் ஆணியால் போட்ட துளைகள் எட்டு ஆண்டுகளாகக் கசியவில்லை.

நீங்கள் சொல்வதை நம்புகிறேன். ஆனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் சொல்லவில்லை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து என்றால், பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு கிலோ அழுத்தம். உங்கள் தொட்டி மூன்று மீட்டரில் இருந்தால் 0.3 கிலோ. அந்த அழுத்தத்தில் கோணல் துளையும் அடங்கித்தான் இருக்கும். மோட்டாரை நேரடியாக இணைத்துப் பாருங்கள்.

நெல்லிக்குப்பம்: பண்ருட்டிக்காரர் சொல்வதே சரி. ஆணி வேண்டாம் என்றால் மின்துளைப்பான் போதுமே, பஞ்ச் எதற்கு?

பி.வி.சி. குழாயிலிருந்து கருப்புக் குழாய் பிரியும் இடத்தில் ரப்பர் வாஷர் பொருத்த மின்துளைப்பான்தான் சரி. வாஷருக்கென்று சொல்லும் அளவிலேயே துளைக்கம்பி வாங்குங்கள். கருப்புக் குழாய் வேறு பொருள். அதில் துளைக்கம்பி வெட்டாமல் கிழித்துக்கொண்டு போகும், சுருள் சுருளாகத் துகள் உள்ளே விழும். இரண்டு குழாய்களையும் ஒன்றாக எண்ணாதீர்கள். எதில் துளைத்தாலும் முனையைத் திறந்து ஓடவிடுங்கள்.

அரியாங்குப்பம்: மானியம் கிடைக்குமா?

விவசாய நிலம் என்றால் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். கடலூர்ப் பக்கம், தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் தருகிறார்கள்.

முத்தியால்பேட்டை: டிரிப்பரில் வெள்ளையாகப் படிந்து நின்றுவிடுகிறது.

உப்புத் தண்ணீர். கடற்கரை ஓரத்து ஆழ்துளைக் கிணறுகளில் பல இடங்களில் இதே கதைதான். திறக்கக்கூடிய டிரிப்பர் என்றால் கழற்றி இரவு முழுவதும் வினிகரில் ஊறவைத்துக் கழுவுங்கள். கடையில் ஆசிட் கொடுப்பார்கள். அதைத் தொடுவதற்கு முன் இரண்டு செய்திகள். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. பிளீச்சிங் பவுடருடன் ஆசிட் ஒருபோதும் சேரக் கூடாது, நச்சு வாயு கிளம்பும். மூடிய கொட்டகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே வேண்டாம்.

வில்லியனூர், வேறொரு வாசகி: டிரிப்பர் அடியில் கசிகிறது.

மேலே வில்லியனூருக்கே சொன்ன பதில்தான் அம்மா. துளையைப் பாருங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: அணில் குழாயைக் கடித்துவிடுகிறது. டேப் சுற்றினால் நிற்குமா?

நிற்காது. அன்றைக்கு மட்டும் சமாளிக்கப் பழைய சைக்கிள் டியூபை இழுத்துச் சுற்றிக் கட்டலாம். முறையான வேலை என்றால், கடித்த துண்டை இருபுறமும் நேராக வெட்டி எடுத்துவிட்டு ஜாயினர் போடுங்கள். கோடையில் தண்ணீருக்காகவே கடிக்கிறது. மரத்தடியில் ஒரு சட்டியில் தண்ணீர் வையுங்கள்.

ஜாயினர் போடும்போது குழாயை விறைப்பாக இழுக்காதீர்கள். கருப்புக் குழாய் வெயிலில் நீளும், விடியலில் சுருங்கும். பத்து மீட்டருக்கு நான்கு செ.மீ. வரை வித்தியாசம் வரலாம். மதியம் இழுத்து மாட்டியது அதிகாலையில் கழன்று கிடக்கும்.

கடலூர்: எந்த பஞ்ச் நல்லது?

டிரிப்பரை வாங்கும் கடையிலேயே அதற்குரிய பஞ்சைக் கேட்டு வாங்குங்கள். ஃபில்டருக்கு 120 மெஷ் (வலைக்கண்ணின் நுண்மை அளவு) போதும். இவ்விரண்டைப் பற்றி இனிக் கேள்வி வேண்டாம்.

பண்ருட்டி, மறுபடியும்: மோட்டாரில் இணைத்துப் பார்த்தேன். பத்தில் நான்கு பீய்ச்சி அடிக்கிறது. அடைப்பான் போட்டாலும் நிற்கவில்லை. என்ன செய்வது?

சோதித்துப் பார்த்துச் சொன்னதற்கு நன்றி ஐயா. அடைப்பானுக்கும் அதே பிடி வேண்டும், உருகிய துளையில் அது நிற்காது. அந்த நான்கு இடங்களிலும் துளையின் இருபுறமும் இரண்டு விரல் அகலம் விட்டு வெட்டி எடுங்கள். ஜாயினர் போட்டு, ஒரு சாண் தள்ளிப் பஞ்சால் புதுத் துளை போடுங்கள். பழைய துளையிலிருந்து பாய்ந்த இடத்துக்கு மைக்ரோ டியூப் என்ற மெல்லிய குழாய் வைத்துத் தண்ணீரைக் கொண்டுபோகலாம், செடியை நகர்த்த வேண்டியதில்லை. மற்ற ஆறும் கசியும்வரை இருக்கட்டும். மூடியைக் கழற்றி ஓடவிட மறந்துவிடாதீர்கள்.