மாதத் தவணை 24-லிருந்து 21 ஆகிறது என்றால் அலாய் வீல் இலவசமா?

கேள்வி: மூன்று வருடம் ஓடிய ஒரு சொகுசு செடானை நான்கு வருடத்துக்கு முன் கடனில் வாங்கினேன். அம்மாவுக்கு முதுகுத்தண்டில் பிரச்சினை, பின் சீட்டில் குலுங்காமல் உட்கார்ந்து வரவேண்டும் என்பதுதான் காரணம். கம்பெனி டயர் 225/55 ஆர்17. என் மைத்துனர், "இவ்வளவு பெரிய காருக்கு இந்தச் சின்ன வீல் நல்லாவே இல்லை மாமா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். எனக்கும் ஆசைதான். 19 அங்குல அலாய், 245/40 டயர் ஒரு செட்டுக்கு விலை கேட்டேன். 20 அங்குலமும் போடலாம் என்கிறார் கடைக்காரர். வங்கியில் கார் கடன் மீது டாப்-அப் (ஓடும் கடனோடு சேர்த்துத் தரும் கூடுதல் கடன்) தருகிறார்கள், மாதத் தவணையும் குறைகிறது. பழைய வீல்களை மைத்துனர் தன் காருக்கு எடுத்துக்கொண்டு பணத்தை மெல்லத் தருவதாகச் சொல்கிறார். இது மூன்றாவது டாப்-அப். மனைவிக்கு இதில் சம்மதமில்லை. எனக்கும் மனசு உறுத்துகிறது. தொகைகளை வெளியிட வேண்டாம்.

பதில்: தொகைகளை வெளியிடவில்லை. உங்கள் கைக்கு வரும் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அந்த அளவிலேயே சொல்கிறேன். வரவு செலவை எழுதி வைக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறது, சேமிப்பும் கொஞ்சம் இருக்கிறது. அதனால் அந்தப் பாடத்தை விட்டுவிட்டு, வங்கி கொடுத்த அந்த ஒரு தாளுக்கு வருகிறேன்.

இப்போது மாதம் 24 கட்டுகிறீர்கள், இன்னும் 22 மாதம் பாக்கி. அசல் பாக்கி சுமார் 472. வீலுக்கு 160 சேர்த்து 632-ஐப் புதுக் கடனாக்கி, 36 மாதத்துக்கு நீட்டி, வருடத்துக்கு 12 சதவீத வட்டியில் மாதம் 21 என்று எழுதித் தந்திருக்கிறார்கள். தவணை குறைகிறதே, வீலும் வருகிறதே என்று தோன்றுவது இயல்பு. இப்படிக் கூட்டிப் பாருங்கள். முதல் 22 மாதம் மாதத்துக்கு 3 மிச்சம், மொத்தம் 66. அதற்கடுத்த 14 மாதம் உங்களுக்குக் கடனே இருந்திருக்காது. இப்போதோ அந்த 14 மாதமும் 21 கட்டவேண்டும், 294. அதில் 66-ஐக் கழித்தால் 228. ஆக, 160 விலையுள்ள வீலுக்கு 228 கொடுக்கிறீர்கள். போதாததற்கு 1 சதவீதக் கட்டணத்தை 160-க்கு மட்டும் போடவில்லை, 632 முழுவதற்கும் போட்டிருக்கிறார்கள். அது இன்னொரு 6.

தவணை குறைந்ததற்குக் காரணம் வட்டிச் சலுகை அல்ல, காலம் நீண்டதுதான். உங்களைக் கடித்துக்கொண்டிருக்கும் பழக்கமும் இதுதான். ஐந்து வருடக் கடனில் நான்கு வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டீர்கள். இன்று 12 மாதம்தான் மிச்சம் இருக்கவேண்டும். 22 இருக்கிறது. முதல் டாப்-அப் ஸ்பீக்கர் செட்டுக்கு, இரண்டாவது மைத்துனரின் கடை அட்வான்ஸுக்கு. கடன் முடியும் தூரத்துக்கு வரும்போதெல்லாம் அதைப் பின்னால் தள்ளிவிடுகிறீர்கள். மூன்றாவதையும் எடுத்தால் கடன் முடியும்போது காருக்குப் பத்து வயது ஆகியிருக்கும். அந்த வயதில் இந்த வகைக் கார்கள் கேட்கும் சஸ்பென்ஷன் செலவுக்கு எதை எடுத்து வைத்திருப்பீர்கள்?

வீல் மேல் ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் 19 அங்குலம் உங்கள் காரை என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டு ஆசைப்படுங்கள். 225/55-ல் டயரின் பக்கச்சுவர் 225-ல் 55 சதவீதம், அதாவது 124 மி.மீ. உயரம். 245/45 ஆர்18-ல் 110. 245/40 ஆர்19-ல் 98. 245/35 ஆர்20-ல் 86. நான்கிலும் டயரின் மொத்த விட்டம் 678, 679 மி.மீ. பக்கம்தான் நிற்கும், அதனால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. கடைக்காரர் "எல்லாம் கரெக்டா உட்காரும் சார்" என்பது இந்த அளவில் உண்மைதான். குறைவது ரப்பரும் காற்றும். அம்மாவின் முதுகுக்காக நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சொகுசில் பெரிய பங்கு அந்த 124 மி.மீ.க்குள் இருக்கிறது. 19-க்குப் போனால் அதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

சாலைப் பள்ளத்தின் விளிம்பில் வீல் இறங்கி ஏறும் அந்தக் கணத்தை நினைத்துப் பாருங்கள். உயரமான பக்கச்சுவர் மடிந்து கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும். சுவர் குட்டையானால் மடிய இடமில்லை. ரிம்மின் உதட்டுக்கும் கல்லுக்கும் நடுவே ரப்பர் நசுங்கி, உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துபோகும். வண்டி அப்போதைக்கு நன்றாகத்தான் ஓடும். பிறகு ஒருநாள் பார்த்தால் பக்கச்சுவரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு உப்பியிருக்கும். அதற்கு ஒட்டு இல்லை, தையல் இல்லை, டயரை மாற்றியே ஆகவேண்டும். ரிம் வளைவதும் பெரும்பாலும் உள்பக்க உதட்டில்தான், வீலின் ஆரங்கள் (ஸ்போக்) வெளிப்பக்கமாக இருப்பதால் உள்விளிம்புக்குத் தாங்கல் குறைவு. நின்று பார்த்தால் தெரியாது. 80, 100 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும்போதுதான் தெரியும். உங்களுக்குக் கொடுத்த விலைப்படி ஒரு ரிம் 24, ஒரு டயர் 16. ஒரே ஒரு பள்ளம் 40-ஐத் தின்றுவிடும். வார்ப்பு அலாயில் அளவு பெரிதானால் எடையும் கூடும். அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குவதால் புஷ், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர் எல்லாம் சீக்கிரம் தேயும்.

தேய்மானக் கணக்கையும் பாருங்கள். இப்போதைய செட் 40-க்கு வந்து 50,000 கி.மீ. ஓடும் என்கிறீர்கள். வருடம் 15,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள், அப்படியானால் வருடத்துக்கு டயர்ச் செலவு 12. 19 அங்குல டயர் ஒரு செட் 64, கடைக்காரரே 35,000 கி.மீ. என்கிறார். வருடத்துக்கு 27-க்கு மேல் வருகிறது. 35,000 கி.மீ. உங்களுக்கு 28 மாத ஓட்டம். அன்றைக்குப் புதுக் கடனில் இன்னும் எட்டு தவணை பாக்கி இருக்கும், அதற்குள் அடுத்த செட்டுக்கு 64 வேண்டும். வங்கி நான்காவது டாப்-அப்போடு காத்திருக்கும்.

20 அங்குலத்தை மனதிலிருந்தே எடுத்துவிடுங்கள். உங்கள் டயரின் பக்கத்தில் அளவுக்குப் பிறகு 97 என்று ஒரு எண் இருக்கும். ஒரு டயர் 730 கிலோ தாங்கும் என்று அர்த்தம். 245/35 ஆர்20-ல், எக்ஸ்எல் என்று போட்ட பலமான வகையிலேயே 95-தான் கிடைக்கும், அதாவது 690 கிலோ. டயருக்கு 40 கிலோ வீதம் நாலு டயருக்கும் 160 கிலோ தாங்குதிறன் குறைகிறது. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறி நெடுஞ்சாலையில் போகும் நாளில் அதன் அருமை தெரியும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் உள்ள எடைக் குறியீட்டுக்குக் கீழே போகவே கூடாது. 19-லும் எக்ஸ்எல் 98-ஐக் கேட்டு வாங்கவேண்டும். அதன் 750 கிலோ முழுவதையும் தாங்கக் காற்றும் கூடுதலாக அடைக்கவேண்டும். குட்டைச் சுவர், கூடுதல் காற்று இரண்டும் சேர்ந்தால் ஒவ்வொரு குலுக்கலும் அம்மாவின் இடுப்புக்குத்தான் போய்ச் சேரும்.

கடையில் 'வட்டியில்லாத் தவணை' என்றும் ஒரு வழி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வார்த்தையைக் கேட்டாலே ரொக்க விலை என்ன என்று கேளுங்கள். உங்களிடம் ரொக்கமாகத் தந்தால் 148 என்றிருக்கிறார்கள், தவணையென்றால் 160, கூடவே 2 கட்டணம். 12 மாதத்தில் அடைக்கும் கடனுக்கு இது வருடம் ஏறக்குறைய 17 சதவீத வட்டி. உங்கள் வங்கி வட்டியைவிட அதிகம். வட்டி என்ற பெயர் இல்லை என்பதைத் தவிர வேறு எந்த வித்தியாசமும் இல்லை.

இனி மைத்துனர் விஷயம். உறவைப் பற்றி நான் பேசவில்லை, போல்ட்டைப் பற்றிப் பேசுகிறேன். உங்கள் காரின் ஐந்து போல்ட்டுகள் 112 மி.மீ. வட்டத்தில் இருக்கின்றன. அவர் காரில் 114.3 மி.மீ. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இந்த 2.3 மி.மீ. வித்தியாசத்தோடு இழுத்து முடுக்கினால் வீல் ஹப்பில் (வீலை மாட்டும் அச்சுமுனையில்) சரியாக உட்காராது. போல்ட்டு சாய்வாக இறுகி, ஓட ஓடத் தளரும். மையத்துளையின் அளவும் காருக்குக் கார் மாறும். அதனால் "உங்க வண்டிக்கு இது பொருந்தாது மாப்பிள்ளை" என்று அவரிடம் தாராளமாகச் சொல்லலாம், அது உண்மையும்கூட. கடை அட்வான்ஸுக்குக் கொடுத்ததில் பாதிகூடத் திரும்பி வராத நிலையில், புதிதாக ஒரு வரவுக் கணக்கைத் தொடங்கவேண்டாம். பழையதற்கே மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையைப் பேசி, தேதி போட்டு வாங்கப் பாருங்கள். 17 அங்குல செட் உங்களிடமே இருக்கட்டும். காரை விற்கும்போது வாங்குபவர் கம்பெனி வீலைத்தான் தேடுவார், வெளியில் வாங்கிய அலாய்க்கு விலை வைக்கமாட்டார்.

அப்படியானால் என்ன செய்யலாம்? டாப்-அப் வேண்டாம் என்று வங்கிக்கு இந்த வாரமே எழுத்தில் சொல்லிவிடுங்கள். டயரில் இன்னும் 4.5 மி.மீ. பட்டன் (தரையைத் தொடும் ரப்பரின் பள்ள ஆழம்) இருக்கிறது என்றீர்கள். புதிதில் 8 இருந்து, 30,000 கி.மீ.யில் 3.5 தேய்ந்திருக்கிறது. இந்தக் கணக்கில் 14 மாதத்தில் 2.5-க்கு வரும். மழையில் பிரேக் பிடிக்க அதற்குக் கீழே விடக்கூடாது. எல்லாச் செலவும் போக மாதம் 9 நிற்கிறதே, அதில் 6-ஐத் தனிக் கணக்கில் போடுங்கள். 14 மாதத்தில் 84 சேரும். உங்கள் காரின் மேல்நிலை மாடலுக்குக் கம்பெனியே 18 அங்குலம் தருகிறது. அதைக் கழற்றி விற்பவர்களிடம் ஒரு செட் ரிம் 36-க்குக் கிடைப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 245/45 ஆர்18 டயர் 48. மொத்தம் 84, கடனில்லாமல். காரின் தோற்றத்துக்கு நீங்கள் தேடும் நிறைவு பெரும்பாலும் 18-லேயே வந்துவிடும், பக்கச்சுவரும் 14 மி.மீ.தான் குறையும்.

பழைய ரிம் வாங்கும்போது காரில் மாட்டிப் பார்ப்பது போதாது. டயர் இல்லாமல் பேலன்சிங் மெஷினில் ஏற்றிச் சுழற்றச் சொல்லி உள்பக்க விளிம்பையே பாருங்கள், மேலும் கீழும் ஆடினால் வளைந்தது. ரிம்மின் உள்பக்கச் சுற்றில் வெல்டிங் வைத்துத் தேய்த்த தடமோ அங்கே மட்டும் புதுப் பெயின்டோ இருந்தால் பேசவே வேண்டாம், திரும்பிவிடுங்கள். ஆஃப்செட் எண் (வீலின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு) உங்கள் மாடலுக்குக் கம்பெனி தந்ததாகவே இருக்கவேண்டும். ரிம் 7.5 ஜே, அதாவது 7.5 அங்குல அகலத்திலிருந்து 8.5-க்குப் போனால் ஆஃப்செட் மாறாவிட்டாலும் ஒவ்வொரு பக்கமும் 12.7 மி.மீ. நகரும், உள்ளே ஸ்ட்ரட்டோடும் (ஷாக் அப்சார்பர் தூண்) வெளியே ஃபெண்டரோடும் உரச அது போதும். மாடலுக்கு வந்த வீலை வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. முன்னும் பின்னும் ஒரே அகலமாக வாங்குங்கள், அப்போதுதான் டயர்களை இடம் மாற்றிப் போட முடியும். புது டயரில் நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணைப் பாருங்கள், 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம். மாட்டிய பிறகு 50-லிருந்து 100 கி.மீ. ஓடியதும் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) மறுபடி சரிபார்க்கவேண்டும். அளவு மாறியதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தெரிவியுங்கள், இல்லையென்றால் விபத்து நாளில் இதையே காரணம் காட்டுவார்கள்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதே மாடலில் 18 அங்குலம் போட்ட காரை ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி, அம்மாவைப் பின் சீட்டில் உட்காரவைத்து, அவர் வழக்கமாகப் போகும் சாலையிலேயே ஓட்டுங்கள். இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் 17-லேயே இருந்துவிடுங்கள். 40-க்குப் புது டயர் போட்டு, மிச்சம் 44-ஐக் கடனின் அசலில் கட்டுங்கள். முன்கூட்டிக் கட்ட அபராதம் உண்டா என்று மட்டும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அபராதம் இல்லையென்றால், அன்றைக்கு மிச்சமிருக்கும் எட்டு தவணை ஆறாகக் குறையும்.