பழைய காமிக்ஸ் வாங்குமுன் பக்கத்தை எண்ணுங்கள் (கேள்வி பதில்)

தமிழில் வந்த பழைய காமிக்ஸ் இதழ்களின் நிலை, மதிப்பு பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பாதிப் பேர் அதை மதித்திருக்கிறார்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

ஈரோடு வாசகர்: முத்து காமிக்ஸின் முதல் இதழான ‘இரும்புக்கை மாயாவி’யை ஒருவர் விற்கிறார். 1972 ஜனவரியில் வந்த அசல் பதிப்பு என்கிறார். அட்டை புதிதுபோல் பளபளக்கிறது. நம்பலாமா?

பளபளக்கிறது என்கிறீர்களே, அங்கேயே நில்லுங்கள். இந்தக் கதை பலமுறை மறுபதிப்பு கண்டது. அசலின் விலையைச் சொல்லி மறுபதிப்பைக் கொடுப்பவர்கள் உண்டு. அசலின் உள்பக்கங்களுக்கு ஜெராக்ஸ் அட்டை மாட்டிக் கொடுப்பவர்களும் உண்டு.

முதலில் பதிப்பக முகவரியைத் தேடுங்கள். இந்தியாவில் ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. ஜனவரி இதழில் அது அச்சாகியிருந்தால் விற்பவர் சொல்லும் தேதி பொய். அடுத்தது எழுத்து. 1978இல்தான் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. அதற்கு முந்தைய இதழில் லை, னை, ளை போன்றவை துதிக்கை போட்ட பழைய வடிவில் இருக்க வேண்டும். ‘விலை’ என்ற சொல்லைப் பார்த்தாலே போதும். இதைத் தலைகீழாகப் பயன்படுத்தாதீர்கள்: சில அச்சகங்கள் பழைய எழுத்தைப் பிறகும் கொஞ்ச காலம் விடவில்லை. புதிய வடிவம் இருந்தால் 1972 அல்ல என்று சொல்லலாம்; பழைய வடிவம் இருப்பதாலேயே 1972 என்று சொல்ல முடியாது.

அட்டைக்கு விரல் சோதனை. தேய்ந்த அட்டையை நகல் எடுத்திருந்தால் மடிப்புக் கோடு படத்தில் தெரியும், தடவினால் தட்டுப்படாது. ஜெராக்ஸ் மை தாளின் மேலேயே நிற்பதால், மடிக்கும் இடத்தில் செதில் செதிலாக உதிரும். அட்டையின் உட்புறம் வெள்ளையாகவும் முதல் பக்கம் பழுப்பாகவும் இருந்தால் இரண்டும் ஒன்றாக வயதானவை அல்ல.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பக்கத்தை எண்ணுங்கள்.

திருச்சி வாசகர்: அமெரிக்காவில் பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று தரம் பிரிக்கிறார்களே, தமிழ் காமிக்ஸுக்கு அப்படி இல்லையா? ஒருவர் தன் ராணி காமிக்ஸ் 9.2 தரம் என்கிறார்.

அங்கே சி.ஜி.சி. என்ற நிறுவனம் 2000ஆம் ஆண்டிலிருந்து இதைச் செய்கிறது. 0.5 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் முத்திரையிட்டுத் தருவார்கள். சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் 1938இல் பத்து சென்ட். அதன் 8.5 மதிப்பெண் பிரதி ஒன்று 2024இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்தப் பணத்தைக் கொடுப்பவர், விற்பவரோடு தொடர்பில்லாத ஒருவர் தரம் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். இங்கே ராணி காமிக்ஸுக்கு 9.2 போட்டது விற்பவரேதான். அந்த எண்ணை மறந்துவிட்டுப் புத்தகத்தைப் பாருங்கள். நான் பார்க்கும் வரிசை: பக்கங்கள் முழுமையா, அசல் அட்டையா, தாள் வளைகிறதா ஒடிகிறதா, ஸ்டேப்ளர் பின் துருவேறியிருக்கிறதா. மூலை மழுங்கியிருப்பதும், யாரோ ஒரு சிறுவன் பெயரும் வகுப்பும் எழுதி வைத்திருப்பதும் எனக்குக் கடைசிக் கவலை.

மதுரை வாசகர்: அட்டை கிழிந்திருக்கிறது. லேமினேஷன் செய்தால் மதிப்புக் கூடுமா?

செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் சேதமின்றி உரித்தெடுக்க முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம், அதன் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும். கிழிசல் கிழிசலாகவே இருக்கட்டும்.

கோவை வாசகர்: வீட்டில் ஐம்பது பழைய காமிக்ஸ் இருக்கின்றன. என்ன விலை போகும்?

எந்த இதழ்கள், எந்த ஆண்டு, அட்டை உண்டா என்று எதுவும் எழுதவில்லை. பட்டியல் போடுங்கள். பக்கத்தை எண்ணுங்கள். பிறகு வாருங்கள்.

நாகர்கோவில் வாசகர்: இராமபாணப் பூச்சி அரிக்கிறது. பாச்சை உருண்டை போடலாமா?

புத்தகத்தோடு சேர்த்துப் போடாதீர்கள். நெடி தாளில் ஏறினால் லேசில் போகாது, உங்கள் உடலுக்கும் நல்லதல்ல. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் இதழ்களைக் கட்டி, ஃபிரிட்ஜின் உறைநிலைப் பெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தவுடன் பையைப் பிரிக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை, ஒரு நாள் விடுங்கள். இல்லையென்றால் ஈரம் புத்தகத்தின் மேலேயே படியும். ஆனால் பூச்சியைக் கூப்பிடுவதே ஈரம்தான். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்தால் மறுபடியும் வரும்.

சேலம் வாசகர்: லயன் காமிக்ஸ் முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’ தொடங்கி இருபது இதழ்களை அப்பா பைண்டு செய்து வைத்தார். தனிப் பிரதிகளின் விலையை இருபதால் பெருக்கலாமா?

பெருக்க முடியாது. 1984 ஜூலையில் வந்த அந்த முதல் இதழ் தனியாக, அட்டையோடு கிடைத்தால் அதற்கு ஒரு விலை. பைண்டிங்கில் அட்டை போயிருக்கலாம், ஓரம் வெட்டப்பட்டிருக்கலாம், தையலில் உள்விளிம்பு போயிருக்கும். அமெரிக்காவில் ஓரம் வெட்டிய பிரதிக்குத் தனி முத்திரை குத்தி ஒதுக்கிவிடுவார்கள்.

சேலம் வாசகர் மீண்டும்: பைண்டு செய்ததால்தானே ஐயா அவை இன்றைக்கும் இருக்கின்றன? எங்கள் தெருவில் தனித்தனியாக வைத்திருந்தவர்கள் எல்லாரும் எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

முழு உண்மை. இருபது இதழைத் தூக்கிப் போடுபவர்கள் கெட்டி அட்டை போட்ட ஒரு தொகுப்பைப் போடத் தயங்குவார்கள். ஆனால் பிழைத்திருப்பது வேறு, விலை வேறு. உங்கள் அப்பா படிப்பதற்காகப் பைண்டு செய்தார், விற்பதற்காக அல்ல.

தஞ்சாவூர் வாசகர்: அப்படியானால் பிரித்துத் தனித்தனியாக விற்றுவிடலாமே? என்னிடமும் ஒரு தொகுப்பு இருக்கிறது. பிளேடு போதும்.

பிளேடைக் கீழே வையுங்கள்! வெட்டிய ஓரம் திரும்ப வராது, தையல் துளை மூடாது. முதுகில் காய்ந்த பசை தாளையும் பிய்த்துக்கொண்டு வரும். ஒரு நல்ல தொகுப்பு இருந்த இடத்தில் இருபது ஊனப்பட்ட இதழ்கள் மிஞ்சும்.

புதுக்கோட்டை வாசகர்: நான் பைண்டிங் பட்டறை வைத்திருந்தவன். எல்லாப் பழியையும் எங்கள் மேல் போடுகிறீர்கள். அட்டையைக் கிழித்தது வாடிக்கையாளர். ‘தடிமனாக வேண்டாம்’ என்பார்கள். ஓரம் வெட்டாமல் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு வெட்டாமலேதான் கொடுத்தோம்.

கேட்டவர்கள் எத்தனை பேர்? கேட்காவிட்டால் கத்தி இறங்கும் என்பதுதானே பட்டறை வழக்கம்? ஆனாலும் நீங்கள் சொன்னதில் விஷயம் இருக்கிறது: தொகுப்புகள் எல்லாம் ஒரே ரகம் அல்ல. சேலத்துக்காரர் இதைப் பார்க்க வேண்டும். அட்டைகள் உள்ளே இருக்கின்றனவா? ஓரங்கள் ஒரே சீராக இருக்கின்றனவா, சற்று முன்பின்னாக இருக்கின்றனவா? முன்பின்னாக இருந்தால் கத்தி படவில்லை. அட்டையோடு, வெட்டாமல் தைத்த தொகுப்பு என்றால் என் முதல் பதிலைவிட நல்ல விலை கிடைக்கும்.

தஞ்சாவூர் வாசகர் மீண்டும்: ஒரு இதழை மட்டும் எடுத்துப் பார்க்கட்டுமா?

வேண்டாம்.

கரூர் வாசகர்: என்னிடம் முப்பது பழைய காமிக்ஸ். என்ன விலை?

கோவைக்குச் சொன்ன பதில்.

விருதுநகர் வாசகர்: ராணி காமிக்ஸில் வந்த மாயாவி கதை என்னிடம் இருக்கிறது. முத்து காமிக்ஸ் மாயாவி அளவுக்கு விலை கேட்கலாமா?

இருவரும் வேறு ஆட்கள். முத்துவின் இரும்புக்கை மாயாவி இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் 1962இல் தொடங்கிய நாயகன். மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை தவிர உடல் மறையும். ராணியின் மாயாவி முகமூடிக்காரர். இந்திரஜால் காமிக்ஸ் படித்தவர்களுக்குப் பழக்கமான வேதாளர், ஆங்கிலத்தில் ‘ஃபேன்டம்’. பெயர்க் குழப்பத்தை வைத்து விலை கேட்டால் விவரம் தெரிந்தவர் சிரித்துவிட்டுப் போவார்.

வேலூர் வாசகர்: 1950களின் அம்புலிமாமா இதழ்களுக்கு விலை சொல்ல முடியுமா?

என் துறை அல்ல. அது சிறுவர் கதை இதழ். அதைச் சேகரிப்பவர்களைக் கேளுங்கள்.

கடலூர் வாசகர்: இணையத்தில் ஒருவர் பெரிய தொகை போட்டிருக்கிறார். என் பிரதிக்கும் அதே மதிப்புத்தானே?

அது அவர் கேட்கும் விலை. வாங்கிய ஒருவரைக் காட்டச் சொல்லுங்கள். மறுபதிப்பு வரப்போகிறதா என்றும் விசாரியுங்கள். வந்துவிட்டால் கதையைப் படிக்க மட்டும் தேடியவர்கள் விலகிவிடுவார்கள், அசலுக்காக அலைபவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள்.

திண்டுக்கல் வாசகர்: அட்டை அருமை, பின் துருவில்லை, பெயர் எழுதவில்லை. வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நடுவில் நான்கு பக்கம் இல்லை. என்ன செய்வது?

விற்றவரிடம் இன்றே திருப்பிக் கொடுங்கள். அவர் வாங்க மறுத்தால், அதே இதழ் அட்டையில்லாமல் முழுப் பக்கங்களோடு எங்காவது கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் இரண்டையும் அருகருகே வையுங்கள், சேர்த்துத் தைக்காதீர்கள்.

சேலம் வாசகர்: பார்த்துவிட்டேன் ஐயா. அட்டைகள் பதினெட்டு இருக்கின்றன. ஓரம் முன்பின்னாகத்தான் இருக்கிறது.

முதல் இதழின் அட்டை அந்தப் பதினெட்டில் உண்டா?