தண்ணிக்குள்ளே மூச்சை விடுங்க: ட்ரையத்லான் நீச்சல் கேள்வி பதில்

வியாசர்பாடியிலிருந்து எண்ணூர் வரைக்கும் வந்த கேள்விகளில் பாதி, வேறு வேறு வார்த்தையில் கேட்ட ஒரே கேள்விதான். அதனால் முதல் பதில் நீளம். தூரம் தெரியாதவர்களுக்கு: ட்ரையத்லான் என்பது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து. அதில் ஸ்பிரின்ட் என்றால் 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். ஒலிம்பிக் தூரம் அதில் இரண்டு மடங்கு. அதைவிட நீளமான போட்டி அயர்ன்மேன்: அரை அயர்ன்மேனில் நீச்சல் 1.9 கி.மீ., முழுசில் 3.8.

வியாசர்பாடி, வயது 34: அண்ணா, 10 கி.மீ. ஒரு மணி நேரத்துக்குள்ள ஓடிடுவேன். குளத்துல 25 மீட்டர் போறதுக்குள்ள நாக்கு தள்ளுது. ஸ்டாமினா ஏத்த என்ன பண்ணணும்?

ஸ்டாமினா இருக்கு தம்பி. காற்றுதான் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கு. முகம் தண்ணிக்குள் இருக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறீர்கள். தலையைத் திருப்பியதும் பழைய காற்றை விடுவது, புதுக் காற்றை இழுப்பது என்று இரண்டு வேலையும் ஒரு நொடிக்குள் முடியணும். முடியாது. நாலைந்து தடவை இப்படி ஆனால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறிவிடும். மூச்சு முட்டுவது பெரும்பாலும் அதனால்தான், ஆக்ஸிஜன் தீர்ந்துபோனதால் அல்ல.

சரி செய்ய நீந்தவே வேண்டாம். மார்பளவு தண்ணியில் நின்று சுவர் விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். முகத்தை உள்ளே வைத்து மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் மூன்று நொடி சீராகக் குமிழி விடுங்கள். குமிழி நிற்கக்கூடாது. பிறகு தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் உருட்டி, ஒரு காது தண்ணிக்குள்ளேயே இருக்க, வாயால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு மறுபடியும் உள்ளே. 20 தடவை, மூன்று சுற்று. முதல் இரண்டு வாரம் தினமும் இதில்தான் ஆரம்பிக்கணும். போரடிக்கும். இதைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் ஆறு மாதம் கழித்தும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள்.

இரண்டாவது கோளாறு தலை. மூச்சு வாங்கத் தலையை முன்பக்கம் தூக்கினால் இடுப்பும் காலும் கீழே போகும். அப்புறம் நீங்கள் தண்ணியில் படுத்துப் போகவில்லை, சாய்ந்த பலகையைத் தள்ளிக்கொண்டு போகிறீர்கள். பார்வை குளத்தின் அடித்தரையில், ஒரு மீட்டர் முன்னால் இருக்கட்டும். மூச்சு வாங்கும்போது காகிள்ஸின் ஒரு கண்ணாடி தண்ணிக்குள், ஒன்று வெளியே. இரண்டும் வெளியே வந்தால் தலையை அதிகம் தூக்கிவிட்டீர்கள்.

மூன்றாவது வேகம். ஓட்டக்காரர்கள் முதல் 10 மீட்டரிலேயே பஸ்ஸைப் பிடிக்கப் போகிற மாதிரி போகிறார்கள். 25 மீட்டரை எவ்வளவு மெதுவாகப் போக முடியும் என்று பாருங்கள். எட்டு தடவை, நடுவில் 30 நொடி ஓய்வு.

காசிமேடு, வயது 22: சின்ன வயசுல இருந்து கடல்ல நீந்துறேன். போட்ல இருந்து குதிச்சு கரைக்கே வந்துடுவேன். எனக்குத் தனியா கோச்சிங் வேணுமா?

கடல் பயம் இல்லாதது பாதிக் கிணறு தாண்டின மாதிரி. மற்றவர்கள் காசு கொடுத்தும் வாங்க முடியாதது அது. ஆனால் தலை வெளியே, கை இரண்டும் அடித்துக்கொண்டு போகும் நீச்சலில் 1.5 கி.மீ. போனால் கழுத்தும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். அடுத்து 40 கி.மீ. சைக்கிளில் குனிந்து உட்காரணும். முகத்தை உள்ளே வைக்கப் பழகுங்கள்.

உங்கள் பழைய பழக்கம் ஒரு இடத்தில் உதவும். குளத்தில் இருக்கிற மாதிரி கடலில் கீழே கோடு கிடையாது. ஆறு அல்லது எட்டு கைவீச்சுக்கு ஒரு தடவை, முதலை மாதிரி கண் மட்டும் தண்ணிக்கு மேலே வந்து, போட்டிப் பாதையைக் காட்டும் மிதவையைப் பார்க்கணும். மூச்சை அப்போது வாங்காதீர்கள். பார்த்துவிட்டுத் தலையைப் பக்கவாட்டில் உருட்டும்போது வாங்குங்கள். சின்ன மிதவை அலையில் மறையும். அதற்குப் பின்னால் கரையில் இருக்கும் தண்ணித் தொட்டி, கோபுரம் மாதிரி உயரமானதைக் குறி வையுங்கள்.

தண்டையார்பேட்டை, வயது 41: நீச்சலே தெரியாது, தண்ணின்னா பயம். ஸ்பிரின்ட் போகணும்னு ஆசை. எத்தனை மாசம் ஆகும்? என்ன டிரெஸ் போடணும்?

வாரம் மூன்று நாள், 45 நிமிடம் என்றால் ஐந்தாறு மாதம். வாரம் ஒரே நாள் என்றால் கணக்கே வேண்டாம். போன வாரம் கற்றதை உடம்பு மறந்திருக்கும்.

முதல் மாதம் மிதப்பதும் குமிழியும் மட்டும். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, முகத்தை உள்ளே வைத்து, கை கால் நீட்டிப் படுங்கள். நுரையீரல்தான் உங்கள் மிதவை. மூழ்கணும் என்று முயற்சி செய்து பாருங்கள், பெரும்பாலானவர்களால் முடியாது. பயம் அங்கேதான் விடும். பிறகு சுவரைக் காலால் உதைத்து, எதுவும் செய்யாமல் அஞ்சு மீட்டர் சறுக்கிப் போக வரணும். இரண்டாவது மாதம் 25 மீட்டர், எட்டு முதல் பத்து தடவை. மூன்றாவதில் 50 மீட்டர் பத்து. நாலாவதில் 100 மீட்டர் ஆறு. ஐந்தாவதில் 200 மீட்டர் மூன்று, பிறகு 400 நடுவில் நிற்காமல். 400 வந்துவிட்டால் 750 சில வாரத்தில் வந்துவிடும்.

காட்டன் சுடிதார் வேண்டாம். தண்ணியைக் குடித்து இழுக்கும், பல குளங்களில் விடவும் மாட்டார்கள். முழங்கை, கணுக்கால் வரை மூடும் நைலான் லைக்ரா உடை கடையில் கிடைக்கிறது. பெண்களுக்குத் தனி நேரம் உண்டா என்று சேரும் முன்பே கேளுங்கள். அப்புறம் தேங்காய் எண்ணெய்: நீந்தப் போகும் காலையில் தலைக்குத் தடவாதீர்கள். கேப் வழுக்கிக் கழன்றுவிடும், காகிள்ஸ் பட்டையும் நிற்காது.

பெரம்பூர்: கிக்போர்டுன்னு சொல்ற மிதவைப் பலகையைப் பிடிச்சு காலடிச்சா நகரவே மாட்டேங்குது. சில நேரம் பின்னாடி போற மாதிரி இருக்கு. சிரிக்காதீங்க சார்.

சிரிக்கவில்லை, நிஜமாகவே பின்னாடி போவீர்கள். ஓடியும் சைக்கிள் மிதித்தும் கணுக்கால் இறுகிவிடுகிறது. பாதம் பின்னோக்கி நீளாமல் கொக்கி மாதிரி கீழே தொங்கினால், ஒவ்வொரு உதையும் தண்ணியை முன்பக்கம் தள்ளும். தினமும் ஒரு நிமிடம் வஜ்ராசனத்தில் உட்காருங்கள். முட்டி வலி இருந்தால் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவில் தலையணை. உதை இடுப்பிலிருந்து வரட்டும், முட்டியை மடக்கி சைக்கிள் மிதிக்க வேண்டாம்.

காலடியில் வேகம் தேடவும் வேண்டாம். ட்ரையத்லானில் கால் அடுத்த இரண்டு வேலைக்கு. ஒரு கைவீச்சுக்கு ஒரு உதை, உடம்பு படுத்திருக்கிற அளவுக்குப் போதும்.

கொளத்தூர்: அபார்ட்மென்ட் குளம் 18 மீட்டர்தான். இதுல பழகலாமா?

பழகலாம். டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். 18 என்றால் 42 நீளம் 756 மீட்டர். சுவரை உதைத்துச் சறுக்குவது அடிக்கடி வருவதால் நேரம் உங்களை ஏமாற்றும். மாதம் இரண்டு தடவையாவது பெரிய குளத்துக்குப் போங்கள். வேளச்சேரியில் 1995 தெற்காசிய விளையாட்டுக்காகக் கட்டிய வளாகத்தில் 50 மீட்டர் குளம் இருக்கிறது. வட சென்னையிலிருந்து தூரம்தான். மாநகராட்சியின் மைலேடி பூங்கா குளம் பக்கம். மே மாதம் பிள்ளைகள் கூட்டம் தாங்காது, காலை முதல் பேட்ச்சில் போங்கள்.

திருவொற்றியூர்: வீட்டு வாசல்ல கடல் இருக்கு. அங்கேயே ப்ராக்டிஸ் பண்ணக்கூடாதா?

கூடாது. திருவொற்றியூர் கரை முழுக்க அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டியிருக்கிறது. கடலுக்குள் நீளும் ஒவ்வொரு கல் தடுப்பின் ஓரத்திலும், கரைக்கு அடித்து வந்த தண்ணி உள்ளே திரும்ப வழி தேடும். அந்த இழுவையில் சிக்கினால் எதிர்த்து நீந்த யாராலும் முடியாது. கரைக்கு இணையாக நீந்தி விலகித்தான் வரணும். இங்கே இணையாகப் போனால் அடுத்த கல்லில்தான் மோதுவீர்கள். போதாததற்கு கொசஸ்தலையாறு எண்ணூர் முகத்துவாரத்தில் ஆலைக் கழிவோடு வந்து சேருகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே எண்ணெய் படர்ந்ததை மீனவர்கள் கையால் அள்ளினார்கள். முகத்தை உள்ளே வைக்கும் தண்ணி இல்லை அது.

குளத்தில் நிற்காமல் 1 கி.மீ. வந்த பிறகு, கோவளம் பக்கம் குழுவாகப் பயிற்சி செய்பவர்களோடு சேருங்கள். உடன் ஒரு படகு அல்லது கயாக், இடுப்பில் கட்டிய ஆரஞ்சு மிதவை, இரண்டும் இல்லாமல் இறங்க வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடை. கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும், அலையும் முரடு. பிப்ரவரிக்குப் பிறகு நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே. முதலில் நீரோட்டத்தை எதிர்த்துப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அது கொண்டுவந்து விடும்.

இன்னொன்று: நம் கடற்கரையில் காலை வெயில் கடல் பக்கம் இருந்து வரும். வடக்கே நீந்தும்போது வலப்பக்கம் மூச்சு வாங்கினால் கண்ணில் வெயில், வாயில் அலை. தெற்கே திரும்பினால் இடப்பக்கம் அதே கதை. இரண்டு பக்கமும் மூச்சு வாங்கப் பழகச் சொல்வது இதற்காகத்தான்.

மணலி: வெட்சூட் வாங்கணுமா? விலை பயமா இருக்கு.

வேண்டாம். வெட்சூட் என்பது குளிர்ந்த தண்ணியில் உடம்பைச் சூடாக வைக்கும் ரப்பர் உடை. அயர்ன்மேன் போட்டிகளில் தண்ணி 24.5 டிகிரியைத் தாண்டினால் வெட்சூட் போட்டவர்களுக்குப் பரிசு வரிசையில் இடமில்லை. நம் கடல் ஆண்டில் பெரும்பாலும் அதைவிடச் சூடு. அந்தக் காசில் நல்ல காகிள்ஸ் இரண்டு ஜோடி வாங்குங்கள். பட்டையைப் போடாமல் கண்ணில் அழுத்தினால் இரண்டு நொடி ஒட்டி நிற்கணும், அதுதான் சரியான அளவு. உள்பக்கத்தை விரலால் துடைக்காதீர்கள், பனி படியாமல் தடுக்கும் பூச்சு போய்விடும்.

ராயபுரம்: 400 மீட்டரை 10 நிமிஷத்துலயும், 200 மீட்டரை 4 நிமிஷம் 40 நொடியிலயும் முடிச்சேன். எந்த வேகத்துல பயிற்சி செய்யணும்? அரை அயர்ன்மேன் நேரக்கெடுவுக்குள்ள வருவேனா?

இரண்டு நேரத்துக்கும் வித்தியாசம் 5:20. அதில் பாதி 2:40. நூறு மீட்டருக்கு 2:40 என்பதுதான் நீங்கள் நெடுநேரம் தாங்கும் வேகம். 100 மீட்டர் பத்து, ஒவ்வொன்றும் 2:40, நடுவில் 20 நொடி ஓய்வு. முதல் மூன்று 2:30, கடைசி மூன்று 2:55 என்று வந்தால் அன்றைய பயிற்சி வீண். எல்லாம் ஒரே நேரத்தில் வரணும். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை மறுபடியும் அளந்து பாருங்கள்.

1.9 கி.மீ. இந்த வேகத்தில் 50 நிமிடம் 40 நொடி. கெடு 1 மணி 10 நிமிடம். கடலில் வளைந்து போவதற்கு 10 சதவீதம் சேர்த்தாலும் வந்துவிடுவீர்கள்.

புதுவண்ணாரப்பேட்டை: தண்ணியில இருந்து எழுந்ததும் தலை சுத்துது, சைக்கிள் பக்கம் தள்ளாடிக்கிட்டு போறேன்.

படுத்திருந்த உடம்பு சட்டென்று நிமிர்ந்தால் ரத்தம் காலுக்கு இறங்கும். கடைசி 100 மீட்டர் மட்டும் காலை வேகமாக அடியுங்கள். கை தரையைத் தொடும் வரை நீந்துங்கள், இடுப்பளவு தண்ணியிலேயே எழுந்து நடக்க வேண்டாம். எழுந்ததும் பத்தடி நடந்துவிட்டு அப்புறம் ஓடுங்கள். ஹெல்மெட் கொக்கியை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொடணும், தலை சுற்றும்போது முதலில் மறப்பது அதைத்தான். பயிற்சியிலும் தலைசுற்றல் தொடர்ந்தால், நெஞ்சு வலித்தால், முதலில் டாக்டர்.