காட்மாண்டு இல்லத்துக்குப் போகும் தங்கச்சிக்கு

திருச்சபைக் குழுவோடு காட்மாண்டு பெண்கள் இல்லத்துக்கு இரண்டு வாரம் போகிறேன், என்ன தயார் செய்ய என்று கேட்டிருந்தீர்கள். விமானத்துக்கு ஆதார் போதாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். நேபாளத்தில் மதம் மாற்றினால் 5 ஆண்டு வரை சிறை, அதனால் மதப் பிரசாரக் கைப்பிரதி எதுவும் பெட்டியில் வேண்டாம். ஒரு பவானி ஜமுக்காளம் கொண்டுபோங்கள், பிள்ளைகளோடு உட்கார உதவும்.

அப்புறம், "மறுபடி வருவேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஈரோட்டுப் பக்கம் ஓர் இல்லத்தில் நான் அப்படிச் சொன்னேன். எட்டு மாதம் கழித்துப் போனால், நான் கட்டிவிட்ட சிவப்பு ரிப்பனை ஒரு சின்னப்பிள்ளை நோட்டுக்குள் மடித்து வைத்திருந்தாள். "ஏனுங்கக்கா வரவேயில்ல?" என்றாள். இன்றும் மனசு பிசைகிறது.

சமையலம்மாவுக்குக் காய் நறுக்கிக் கொடுங்கள், துணி அலசுங்கள். பிள்ளைகள் முகம் ஸ்டேட்டஸில் வரவே கூடாது, தங்கச்சி.