நீச்சல் கற்றாயிற்று, அடுத்து போட்டியா?

கோடை வகுப்பு முடிந்த கையோடு வடசென்னைப் பெற்றோர் அனுப்பிய கேள்விகளில் சில.

என் மகனுக்கு 7 வயது. ஒரே மாதத்தில் நீச்சல் கற்று, நிற்காமல் இரண்டு லேப் (குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு லேப்) போகிறான். போட்டிக்கான கோச்சிங்கில் சேர்க்கலாமா? (பெரம்பூர்)

சேர்க்கலாம். ஆனால் முதல் வாரமே ஸ்டாப்வாட்சை எடுக்கும் கோச் வேண்டாம். இரண்டு லேப் போவது பயம் தெளிந்ததற்கு அடையாளம், அவ்வளவுதான். அடுத்த முறை குளத்தோரம் நின்று, அவன் மூச்சு எடுப்பதை மட்டும் பாருங்கள். தலையை முன்பக்கம் தூக்கினால் அந்த நொடியே இடுப்பு கீழே இறங்கும், கால் சைக்கிள் மிதிக்கத் தொடங்கிவிடும். தலை பக்கவாட்டில்தான் திரும்ப வேண்டும். காகிள்ஸின் ஒரு கண்ணாடி தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். மூச்சைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டு, வெளியே வரும்போது இழுக்க மட்டும் செய்ய வேண்டும்.

இது படியாமல் வேகத்தைக் கூட்டினால் தப்பும் சேர்ந்து ஊறிப்போகும். பன்னிரண்டு வயதில் அதைத் திருத்துவது பெரும்பாடு. வீட்டார் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு: ஒரு லேப்புக்கு எத்தனை முறை கை போடுகிறான் என்று எண்ணுங்கள். முதல் லேப்பில் 24, நான்காவதில் 32 என்று ஏறினால், களைத்ததும் ஸ்ட்ரோக் கலைகிறது என்று பொருள். அந்த வித்தியாசம் குறையும்வரை வாரம் மூன்று நாள், முக்கால் மணி நேரம் போதும்.

எங்கள் பக்கம் 25 மீட்டர் குளம்தான். மகளுக்கு 9 வயது. தினமும் வேளச்சேரி 50 மீட்டர் குளத்துக்குக் கூட்டிப் போகட்டுமா? (திருவொற்றியூர்)

இப்போது வேண்டாம். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் வருவதிலேயே பிள்ளையின் தூக்கம் போய்விடும். தூக்கமில்லாமல் எந்தப் பயிற்சியும் உடம்பில் ஒட்டாது. 25 மீட்டர் குளத்தில் டர்ன், அதாவது சுவரைத் தொட்டுத் திரும்புவது, இரண்டு மடங்கு கிடைக்கும், இந்த வயதுக்கு அது லாபம். 50 மீட்டர் குளத்தில் போட்டி வருகிறதென்றால் அதற்கு முன் சில நாள் அங்கே நீந்திப் பழகட்டும்.

பையனுக்கு 10 வயது. கடலில் மீன்குஞ்சு மாதிரி நீந்துவான். குளத்தில் மற்ற பிள்ளைகளுக்குப் பின்னால் வருகிறான், ஏன்? (காசிமேடு)

கடலில் அலையையும் படகையும் பார்த்தாக வேண்டும், அதனால் தலையைத் தூக்கியே பழகியிருப்பான். மேலே பெரம்பூர்க்காரருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். ஆனால் தண்ணீர் பயம் இல்லாதது பெரிய சொத்து, அவனை மட்டம் தட்டிவிடாதீர்கள். விதிகளையும் இப்போதே பழக்குங்கள். பிரெஸ்ட் ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை என்ற இரண்டு நீச்சல் முறைகளிலும் சுவரை இரு கையாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு கை பிந்தினாலும் டிஸ்குவாலிஃபை. முதல் போட்டியில் பிள்ளைகள் அழுதுகொண்டு வெளியே வருவது பெரும்பாலும் இதனால்தான்.

கடலில் தனியாகப் பயிற்சி மட்டும் கூடாது. நீச்சல் வீரர் குற்றாலீஸ்வரன் 1994இல் பாக் நீரிணையைக் கடந்தபோது சிறுவன்தான். ஆனால் அப்படிப்பட்ட நீச்சலில் பக்கத்திலேயே படகு வரும்.

மகளுக்கு 11 வயது, நல்ல டைமிங். “பெரியவளாகிற வயசு, நிறுத்திடு” என்கிறார் மாமியார். (கொளத்தூர்)

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். திறமையுள்ள பெண் பிள்ளைகளை நாம் இழப்பது இந்த வயதில்தான். பூப்பெய்திய பின் நீந்துவதால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. மாதவிடாய் நாளில் ஓய்வெடுப்பதா, போவதா என்பதை அவளே முடிவு செய்யட்டும். வலி அதிகமென்றால் மருத்துவரைப் பாருங்கள். உடம்பு மாறும்போது சில மாதம் டைமிங் அப்படியே நிற்கலாம், பின்னாலும் போகலாம். “அவ்வளவுதான் இவள்” என்று யாரும் அவள் காதுபடச் சொல்லக் கூடாது.

உடைதான் மாமியாரின் கவலை என்றால், முழங்கால் வரை மூடும் நீச்சலுடைக்குப் போட்டி விதியிலேயே இடமுண்டு, எடுத்துச் சொல்லுங்கள். குளத்தில் பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா, உடை மாற்றும் அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, பெற்றோர் உட்கார்ந்து பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள். பார்க்க விடாத இடத்தில் சேர்க்கவே வேண்டாம்.

குளத்தில் நீந்திவிட்டு வந்தால் காது வலிக்கிறது என்கிறான் மகன். எண்ணெய் விடலாமா? (வியாசர்பாடி)

வேண்டாம், பட்ஸும் வேண்டாம். தலையைச் சாய்த்துத் தண்ணீரை வடித்து, துண்டால் வெளிக்காதை ஒற்றினால் போதும். காது மடலை இழுத்தால் வலிக்கிறதென்றால் டாக்டரிடம் போங்கள். அவர் சொல்லும்வரை குளம் வேண்டாம்.

டைவ் எப்போது கற்றுக்கொடுப்பார்கள்? (தண்டையார்பேட்டை)

வயதைவிட ஆழம் முக்கியம். ஸ்டார்ட்டிங் பிளாக் (போட்டி தொடங்கும்போது ஏறி நின்று பாயும் மேடை) வைக்கச் சர்வதேச விதி கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 1.35 மீட்டர், ஏறக்குறைய நாலரை அடி. கற்றுக்கொள்ளும் பிள்ளை செங்குத்தாக விழும், அதற்கு இன்னும் ஆழம் வேண்டும். முதலில் விளிம்பில் உட்கார்ந்து, பிறகு மண்டியிட்டு, அப்புறம் நின்று, கடைசியில்தான் பிளாக். மூன்றடிக் குளத்தில் தலைகுப்புறப் பாயச் சொன்னால், அது கோச்சே ஆனாலும், பிள்ளையைக் கையோடு கூட்டி வந்துவிடுங்கள்.