கல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது?

கேள்வி: ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். நீர்ப்பிடிப்புப் பகுதி, அதாவது மழைநீர் வழிந்து ஓர் ஓடைக்கு வந்து சேரும் நிலப்பரப்பு, என்று பலகையில் படம் போட்டு விளக்கினால் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள், புரிந்ததாகத் தெரியவில்லை. பள்ளிக்கு அருகில் ஓர் ஓடை இருக்கிறது. அங்கே கூட்டிப்போய் என்ன செய்ய வைக்கலாம்? தண்ணீரைச் சோதிக்கும் கிட் எங்களிடம் இல்லை.

பதில்: கிட் இல்லையே என்று தயங்காதீர்கள். நீங்கள் தண்ணீர் மொண்ட நேரத்தில் அது எப்படி இருந்தது என்பதைத்தான் கிட் சொல்லும். காலையில் கழிவு கலந்து மதியத்துக்குள் அடித்துக்கொண்டு போயிருந்தால் அதற்குத் தெரியாது. கல்லைப் பற்றிக்கொண்டு மாதக்கணக்கில் அங்கேயே வாழும் பூச்சிகளுக்குத் தெரியும்.

முழங்காலுக்குக் கீழே, சலசலவென்று தண்ணீர் ஓடும் இடமாகப் பார்த்து ஒரு கல்லை மெதுவாகத் தூக்கி, வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதில் அலசச் சொல்லுங்கள். வயிற்றின் இரு பக்கமும் செவுள் துடிக்க, பின்னால் பெரும்பாலும் மூன்று வால் இழைகளோடு ஒன்று ஓடினால் அது மேஃப்ளையின் இளம்பருவம். இந்த வகைப் பூச்சிகளில் பலவற்றுக்கு ஆக்சிஜன் குறைந்தால் தாங்காது, அதனால் விதவிதமாக நிறைய இருந்தால் சந்தோஷப்படலாம். ரத்தச் சிவப்பில் நெளியும் சின்னப் புழுக்கள் மட்டுமே மிஞ்சியிருந்தால் கவலைப்பட வேண்டும். அந்தச் சிவப்பு நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின்தான், ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அவை பிழைப்பது அதனால்தான். இதைத் தட்டில் பார்த்த பிள்ளை மறக்காது.

“சரி, ஆக்சிஜன் ஏன் குறைந்தது?” என்று யாராவது கேட்பார்கள். கழிவு ஒரு காரணம், வெயில் இன்னொன்று. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் ஏறக்குறைய 7.5தான். கரையோர மரத்தை வெட்டினால் பூச்சிக்கு என்ன ஆகும் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் கரையேறி மேட்டை நோக்கி நடங்கள். இரண்டு பக்கமும் திறந்த ஒரு தகர டப்பாவைப் புல்தரையில் அழுத்தி, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, அது மண்ணில் இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். மிதிபட்டு இறுகிய மண்ணிலும் அதையே செய்யுங்கள். அங்கே தேங்கி நிற்கிறதே, மழை நாளில் அந்தத் தண்ணீர்தான் மண்ணையும் எண்ணெயையும் குப்பையையும் வாரிக்கொண்டு ஓடைக்கு வருகிறது. நீர்ப்பிடிப்புப் பகுதி என்ற சொல்லை அந்த இடத்தில் நின்று சொல்லுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

மழை பெய்த மறுநாள் யாரையும் தண்ணீரில் இறக்காதீர்கள், சோப்பு எடுத்துப் போங்கள். பிடித்ததைப் பிடித்த இடத்திலேயே விட்டு, கல்லையும் இருந்தபடியே வைத்துவிட வேண்டும், அதே கல்லைத்தானே மூன்று மாதம் கழித்து மறுபடி தூக்கிப் பார்க்கப் போகிறீர்கள்.