தண்டனைக்குப் பிறகு கூடிய வாக்குகள்: நீகாட்டா மூன்றாம் தொகுதியின் கதை

கேள்வி: ஊழல் வழக்கில் சிறைத் தண்டனை விதிக்கப்பட்ட முன்னாள் பிரதமரை ஜப்பானில் ஒரு தொகுதி மக்கள் திரும்பவும் ஜெயிக்க வைத்தார்கள் என்று படித்தேன். உண்மையா? ஏன் அப்படிச் செய்தார்கள்?

உண்மைதான். அவர் பெயர் காக்குவெய் தனாகா. தொகுதி, பழைய நீகாட்டா மூன்றாம் தொகுதி. அதன் முக்கிய நகரமான நகாவோகாவில் வேலை நிமித்தமாக மூன்று குளிர்காலம் இருந்திருக்கிறேன். அந்தப் பனியைப் பார்த்த பிறகுதான் இந்தத் தேர்தல் கணக்கு எனக்குப் புரிய ஆரம்பித்தது.

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். லாக்ஹீட் விமான நிறுவனத்திடமிருந்து 50 கோடி யென் லஞ்சம் வாங்கியதாக 1976 ஜூலையில் தனாகா கைது செய்யப்பட்டார். உடனே ஆளும் லிபரல் ஜனநாயகக் கட்சியிலிருந்து விலகினார். அந்த வருடம் டிசம்பரில் நடந்த தேர்தலில் சுயேச்சையாக நின்று 1,68,522 வாக்குகளோடு முதலிடம் பிடித்தார். 1980இல் அது 1,38,598 ஆகக் குறைந்தது. 1983 அக்டோபர் 12 அன்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அவருக்கு நான்கு வருடச் சிறைத் தண்டனை விதித்தது. மேல்முறையீடு செய்து வெளியே வந்தார். இரண்டே மாதத்தில், டிசம்பர் 18இல் தேர்தல். இந்த முறை வாங்கியது 2,20,761 வாக்குகள். தீர்ப்புக்குப் பிறகு எண்பதாயிரத்துக்கும் மேல் கூடியிருக்கிறது!

இது எவ்வளவு பெரிய எண் என்று புரிய அன்றைய தேர்தல் முறை தெரிய வேண்டும். 1993 வரை ஜப்பானின் கீழவைத் தொகுதிகளில் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து உறுப்பினர்கள். வாக்காளருக்கோ ஒரே ஒரு வாக்கு. நீகாட்டா மூன்றில் ஐந்து இடங்கள். அதிக வாக்கு வாங்கிய முதல் ஐந்து பேர் ஜெயித்தவர்கள். 1983இல் தனாகா ஒருவருக்கே மொத்த வாக்கில் ஏறக்குறைய பாதி விழுந்தது. இரண்டாம் இடத்தில் வந்தவருக்கு 50,000கூட வரவில்லை. தனாகா வாங்கியதை நான்கு பேருக்குச் சமமாகப் பங்கு போட்டிருந்தால் நான்கு பேருமே ஜெயித்திருப்பார்கள். ஜெயிப்பதற்கு அத்தனை வாக்கு தேவையே இல்லை. ஆனாலும் ஜனங்கள் போட்டார்கள். அவரை எதிர்ப்பதற்காகவே மேலவைப் பதவியை விட்டுவிட்டு வந்து நின்ற ஒரு பிரபல எழுத்தாளர் முப்பதாயிரத்தைக்கூட எட்டவில்லை.

சரி, ஏன்?

டோக்கியோவிலிருந்து ஜனவரியில் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஏறினால் தகாசாகி வரைக்கும் கண் கூசும் வெயில். அப்புறம் 22 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கப்பாதை. அதைத் தாண்டி வெளியே வந்தால் எச்சிகோ யுசாவா, வீட்டுக் கூரைவரை பனி. ஜப்பான் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி, ஈரத்தை எல்லாம் இந்தப் பக்கமே பனியாகக் கொட்டிவிடுகிறது. நகாவோகாவில் விடிகாலையில் மண்வாரியோடு வாசலைச் சுத்தம் செய்துவிட்டு வேலைக்குப் போவேன். சாயங்காலம் திரும்பும்போது பாதையே இருக்காது. கூரையில் ஏறிப் பனியைத் தள்ளாவிட்டால் வீடே இடிந்துவிடும். தள்ளும்போது விழுந்து இறப்பவர்கள் இன்றும் உண்டு.

சாலை, சுரங்கப்பாதை வசதிகள் எல்லாம் வருவதற்கு முன்னால் எப்படி வாழ்ந்திருப்பார்கள்? குளிர்காலம் வந்தால் ஆண்கள் டோக்கியோவுக்குக் கட்டட வேலைக்கும், சாக்கே மது வடிக்கும் பட்டறைகளுக்கும் கிளம்பிவிடுவார்கள். ‘தெகாசெகி’ என்று அதற்குப் பெயர். ஊரில் பெண்களும் முதியவர்களும் குழந்தைகளும்தான். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் பனியில் சுமந்துகொண்டு மலையைத் தாண்ட வேண்டும். யமகோஷி என்ற மலைக் கிராமத்து மக்கள் இதைப் பொறுக்க முடியாமல் 1933இல் தாங்களே குந்தாலியை எடுத்து மலையைக் குடைய ஆரம்பித்தார்கள். போரால் நடுவில் நின்று, 1949இல்தான் அந்த நகாயாமா சுரங்கம் முடிந்தது. சுமார் 900 மீட்டர், முழுக்கக் கையால் தோண்டியது. எனக்கு இந்தத் தொகுதியின் வரலாறே அந்தச் சுரங்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. அரசாங்கம் என்று ஒன்று தங்களை எட்டிப் பார்க்கும் என்ற நம்பிக்கை இல்லாத ஊர் அது.

தனாகா இந்த மண்ணின் பிள்ளை. இன்றைய கஷிவசாகி நகரத்தோடு சேர்ந்திருக்கும் ஒரு கிராமத்தில் 1918இல் பிறந்தவர். பல்கலைக்கழகம் போகாதவர். 1946இல் முதன்முதலாக நின்று தோற்றார். மிக்குனி கணவாயை வெட்டித் தள்ளினால் பனி மேகம் அந்தப் பக்கம் போய்விடும், வெட்டிய மண்ணைக் கடலில் கொட்டி சாதோ தீவோடு இணைக்கலாம் என்று மேடையில் பேசுவாராம். கேட்கும்போது நடக்காத பேச்சுதான். ஆனால் பனியை ஒரு அரசியல் பிரச்சினையாக அவர்களிடம் பேசியவர் அவர். 1947இல் இதே தொகுதியில் மூன்றாமிடம் பிடித்து நாடாளுமன்றத்துக்குப் போனார். 1949 தேர்தலுக்குச் சற்று முன்பு நிலக்கரிச் சுரங்க லஞ்ச வழக்கில் கைதாகி, ஜாமீனில் வந்து பிரசாரம் செய்து இரண்டாமிடம் பிடித்தார். அந்த வழக்கில் பின்னால் விடுதலையானார். வழக்கோடு தேர்தலைச் சந்திப்பது இந்தத் தொகுதிக்கு 1976இல் புதிதாக வந்ததல்ல என்பதை மறக்கக் கூடாது.

1953இல் ‘எட்சுஸான்காய்’ என்ற ஆதரவாளர் மன்றம் உருவானது. கிராமம் கிராமமாகக் கிளை. எந்த ஊருக்குப் பாலம், எந்தப் பள்ளத்துக்குச் சாலை என்று மனுக்கள் கிளைகள் வழியாக மேலே போகும்; பணம் கீழே வரும். உறுப்பினர்கள் பேருந்து பிடித்து டோக்கியோவில் மெஜிரோவில் இருந்த அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். 1963இல் நகாவோகாவில் 3 மீட்டருக்கு மேல் பனி விழுந்தபோது தனாகா நிதி அமைச்சர். கடும்பனிக்குப் பேரிடர் நிவாரணச் சட்டம் முதன்முதலாகப் பயன்பட்டது அப்போதுதான். 1972இல் பிரதமரானார். 1982இல் இந்தப் பகுதிக்கு ஷின்கான்சென் ஓடத் தொடங்கியது. ஒஜியா பக்கம் ஷியோதானி என்ற மலை ஊரில் சுமார் 60 வீடுகளுக்காக 1983இல் ஒரு சுரங்கப்பாதை திறந்தார்கள். டோக்கியோ பத்திரிகைகள் அதை வரிப்பணத்தை வீணாக்கியதற்கு உதாரணமாக எழுதின. பதினாறு வருடம் கையால் மலையைக் குடைந்தவர்களின் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் 1983 வாக்குகளை அறியாமை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டோக்கியோ தங்களைத் திட்டுகிறது என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் திருப்பிப் பதில் சொன்னார்கள். அதே நேரம் லஞ்சத்தை இது நியாயப்படுத்தாது. ஒரு மனிதரை நம்பியே சாலை வர வேண்டும் என்ற நிலை தொடர்ந்தது ஆபத்தானது, நாட்டின் அரசியலை அந்தப் பணம் கெடுத்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அன்று பாதிக்கும் சற்று அதிகமான வாக்காளர்கள் வேறு யாருக்கோ வாக்களித்தார்கள். குத்தகை விவசாயிகளின் போராட்டங்களில் வளர்ந்த ஷோயிச்சி மியாகே போன்ற சோஷலிஸ்டுகளும் இதே தொகுதியிலிருந்துதான் பல முறை நாடாளுமன்றம் போனார்கள்.

1985இல் பக்கவாதம் வந்து தனாகா பேச முடியாமல் போனார். 1986 தேர்தலில் ஒரு கூட்டத்துக்குக்கூட வரவில்லை. 1,79,062 வாக்குகளோடு அப்போதும் முதலிடம். 1990இல் நிற்கவில்லை, மன்றமும் கலைந்தது. 1993இல் மகள் மகிகோ நின்று ஜெயித்தார். அந்த டிசம்பரில், வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கும்போதே தந்தை காலமானார்.

அடுத்த வருடச் சீர்திருத்தத்தில் ஒரு தொகுதிக்கு ஒரு உறுப்பினர் என்று ஆனது. பழைய மூன்றாம் தொகுதி துண்டானது. மகிகோ 1996இலிருந்து நீகாட்டா ஐந்தில் நின்றார். வெளியுறவு அமைச்சர், பிறகு 2002இல் நாடாளுமன்ற உறுப்பினர் பதவியிலிருந்து விலகல், 2003இல் சுயேச்சையாக மறுபடி வெற்றி. 2012இல் கல்வி அமைச்சராக இருந்தபடியே தோற்றார்.

யாரிடம் தோற்றார் தெரியுமா? ததாயோஷி நகாஷிமா என்பவரிடம். 2004 அக்டோபர் 23 நிலநடுக்கத்தில் யமகோஷி ஊரே துண்டிக்கப்பட்டபோது, சுமார் 2,200 பேரையும் ஹெலிகாப்டரில் நகாவோகாவுக்கு வெளியேற்றிய கிராமத் தலைவர் அவர். கையால் சுரங்கம் தோண்டிய அதே யமகோஷி! 2017இல் அவர் இறந்த பிறகு, நிலநடுக்கத்துக்கு இரண்டு நாள் கழித்து மாகாண ஆளுநராகப் பொறுப்பேற்றிருந்த ஹிரோஹிகோ இசுமிதா அந்த இடத்தைப் பிடித்தார். 2021இல் இன்னொரு முன்னாள் ஆளுநர் ரியூயிச்சி யோனெயாமா அவரை வீழ்த்தினார். நகாவோகாவின் முன்னாள் மேயரும் அதே போட்டியில் இருந்தார்.

2024 தேர்தலிலிருந்து எல்லைகள் மறுபடி மாறின. நகாவோகாவும் கஷிவசாகியும் இப்போது நான்காம் தொகுதியில். ஷின்கான்சென் நிற்கும் உராசா நிலையத்துக்கு எதிரே கையை உயர்த்தி நிற்கும் தனாகாவின் சிலை ஐந்தாம் தொகுதியிலேயே தங்கிவிட்டது.